பத்து முதலில், எழுபத்தொன்பது பிறகு

ரசியா பேகத்தின் அறுவடை மெஷின் முதன்முதலில் இறங்கியதே தப்பான வயலில்தான். குடவாசல் பக்கத்து விவசாயி ஒருவர், ஐயனார் கோயில் மதகுக்குக் கிழக்கே மூன்றாவது வயல் என்று போனில் சொல்லியிருந்தார். எந்த ஊரில்தான் ஐயனார் இல்லை, எந்த வாய்க்காலில்தான் மதகு இல்லை? ஆத்தூரிலிருந்து வந்த டிரைவர் பிரபு வேறொரு ஐயனாரிடம் போய், பஞ்சநதம் என்பவரின் பச்சை மாறாத குறுவைக் கதிரை அறுத்துத் தள்ளிவிட்டான். பஞ்சநதம் வரப்பில் நின்று போட்ட சத்தத்தில் ஊரே கூடிவிட்டது. பாயம்மா மெஷினை விட்டால் விளைந்ததையும் அறுக்கும், விளையாததையும் அறுக்கும் என்று டீக்கடையில் சிரிப்பாய்ச் சிரித்தார்கள்.

நாகூரில் பிறந்தவளுக்கு வயலைப் பற்றி என்ன தெரியும் என்று மாமியாரும் முணுமுணுத்தார். குவைத்திலிருந்து புருஷன் அப்துல் அஜீஸ் கூப்பிட்டபோது ரசியா அழுதேவிட்டாள். அவர் அங்கே பாலைவனத்தில் குழாய் பதிக்கும் ஆட்களோடு அளவு வேலை பார்ப்பவர்.

"இங்க மதகும் இல்ல, ஐயனாரும் இல்ல. எங்க பாத்தாலும் மணலுதான். ரெண்டு நம்பரை வச்சுத்தான் இடத்தைக் கண்டுபிடிக்கிறோம். உன் போன்லயும் அது இருக்கு, ரசியா," என்றார்.

அட்சரேகை, தீர்க்கரேகை. பள்ளிக்கூடத்து உலக உருண்டையில் பார்த்து மறந்த கோடுகள் தன் வீட்டு வாசல் வழியாகவும் போகின்றன என்பது அன்றுதான் அவளுக்கு உறைத்தது. பூமத்திய ரேகைக்கு வடக்கே எவ்வளவு என்று ஓர் எண், லண்டன் வழியாகப் போகும் கோட்டுக்குக் கிழக்கே எவ்வளவு என்று இன்னோர் எண். புள்ளிக்குப் பின்னால் ஐந்தாவது இலக்கம் ஒன்று கூடினால், ஓர் எட்டு வைத்த தூரம். இதற்கா இத்தனை நாள் ஐயனாரை இழுத்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

உடனே ஒரு சட்டம் போட்டாள். மெஷின் வேண்டுமென்றால் வயல் நடுவில் போய் நின்று எண்ணை வாசிக்க வேண்டும். வாட்ஸப்பில் லொகேஷன் அனுப்பினால் செல்லாது. ஏனென்றால் அனுப்புகிறவர்கள் டீக்கடையில் உட்கார்ந்தபடி அனுப்பினார்கள். மெஷினும் சமர்த்தாக டீக்கடை வாசலில் போய் நின்றது. பிரபு சாமர்த்தியத்தில் குறைந்தவனா என்ன? ஒருநாள் இரண்டு எண்ணையும் முன்பின்னாகப் போட்டுவிட்டு, மேப்பில் ஒரே பனிக்கட்டியாகத் தெரிகிறதே அக்கா என்று கேட்டான். வடக்கே எழுபத்தொன்பது, கிழக்கே பத்து என்று போனால் வடதுருவத்துப் பக்கம் கரடியோடுதான் நெல் அறுக்க வேண்டும். 'பத்து முதலில், எழுபத்தொன்பது பிறகு' என்று எழுதி மெஷின் கண்ணாடியிலேயே ஒட்டவைத்தாள்.

அந்தத் தை மாதம் இந்தச் சட்டத்தைக் கேட்டுச் சிரிக்காமல் அவளை நம்பி வந்தவள் மாலதி ஒருத்திதான். குத்தகை நிலம், முற்றிச் சாய்ந்த சம்பா. மறுநாள் சாயங்காலம் மழை என்று டிவியில் சொல்லிவிட்டார்கள். நனைந்தால் கதிரிலேயே முளைத்துவிடும், வருஷப் பாடு மண்ணாகும். அவள் வயல் நடுவில் நின்று எண்ணை வாசித்துவிட்டுப் போனாள். ஆனால் விடிந்ததும் அவள் புருஷனுக்கு நெஞ்சுவலி. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். வரப்பில் நின்று துண்டை வீசி மெஷினைக் கூப்பிட ஆளில்லை. நம்பர் இருக்கிறதே, அறுத்துவிடுங்கள் அக்கா என்று போனில் கெஞ்சினாள்.

வானம் கறுத்துக்கொண்டு வந்தபோது பிரபு கூப்பிட்டான். "அக்கா, யாருமே இல்ல. சுத்தி எல்லாம் ஒரே மாதிரி நெல்லு. வண்டி இறங்க வாட்டமா ஒரு வயல் இருக்கு. அறுக்கட்டுமா?"

மாலதியின் எண்ணை எழுதிவைத்திருந்த சீட்டை ரசியா எடுத்தாள். இன்னொரு தடவை தப்பு நடந்தால் இந்த ஊரில் தலைகாட்ட முடியாது. அறுக்காமல் விட்டாலோ மாலதி கதி அதோகதி.

"வண்டியை வரப்புலயே நிறுத்து. போனோட வயல் நடுவுல போய் நின்னு நம்பரைச் சொல்லு," என்றாள்.

வடக்கு எண் சரியாக இருந்தது. கிழக்கு எண்ணின் கடைசி மூன்று இலக்கம் இரண்டு, ஒன்று, ஆறு என்று வர வேண்டும். பிரபு ஒன்று, எட்டு, இரண்டு என்றான்.

"அது இல்ல. கிழக்கால நட."

"வரப்பு குறுக்க வருதுக்கா."

"தாண்டு."

அவன் வாசித்துக்கொண்டே நடந்தான். எண் ஏறியது. இரண்டு, ஒன்று, ஆறு என்று அவன் சொன்னதும், "அறுடா!" என்று ரசியா போட்ட சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

மழையின் முதல் தூறல் விழுந்தபோது மாலதியின் நெல் மூட்டையாகி, தார்ப்பாய்க்குள் காய்ந்த நெல்லாகவே இருந்தது. புருஷனும் தேறிவிட்டார், நெல்லும் தேறிவிட்டது என்று ஆஸ்பத்திரியிலிருந்து பேசிய மாலதி அழுதாள். ரசியாவும் அழுதாள். இந்தத் தடவை சந்தோஷத்தில்.

பிரபு முதலில் இறங்கப் பார்த்த வயல் யாருடையது என்பது மழை விட்டுப் பத்து நாள் வெயில் அடித்த பிறகுதான் தெரிந்தது. ரசியாவுக்கு ஒரு போன் வந்தது. நல்ல காற்றுச் சத்தம்.

"தங்கச்சி, பஞ்சநதம் பேசறேன். மாலதி வயலுக்கு மேற்கால என் வயலு. அன்னிக்கு உன் டிரைவர் இறங்காமத் திரும்பிப் போனதைப் பக்கத்து வயல்காரன் பாத்துட்டுச் சொன்னான். இப்ப கதிர் முத்திருச்சு. நடுவுல வந்து நிக்கறேன், எழுதிக்கம்மா. பத்துதானே முதல்ல?"