ஜக்குடன் 376 கிராம்

டிசம்பர் 4 – எண்ணெய் 1000 கிராம். காஸ்டிக் சோடா, ஜக்குடன் 376 கிராம்.
டிசம்பர் 5 – எண்ணெய் 1000. ஜக்குடன் 376.
டிசம்பர் 6 – எண்ணெய் 1000. ஜக்குடன் 376.
டிசம்பர் 7 – எண்ணெய் 1000. ஜக்குடன் 376.
ஜனவரி 17 – மாதிரிக் கட்டி 91 கிராம்.
ஜனவரி 18 – 91.
ஜனவரி 19 – 91.

என் தம்பி மகள் சோப்பு செய்த கணக்கு இது. அவள் கலப்பாள், நான் எடை பார்த்து எழுதுவேன். சோடா 140, ஜக்கு 236. கூட்டினால் 376.

அவளுக்கு முப்பத்தொரு வயது. சலவை நிலையத்தில் ஒன்பது வருடம் இஸ்திரி போட்டவள். கணவன் இறந்த வருடமே அந்த நிலையத்தையும் மூடிவிட்டார்கள். அவளுடைய ஆறு வயது மகள் மாமியார் வீட்டில் இருக்கிறாள். "நிலையான வருமானம்னு ஒரு காகிதத்தைக் காட்டு, பிள்ளையைக் கூட்டிட்டுப் போ" என்பது மாமியாரின் பேச்சு. முதியோர் இல்லம் ஒன்று மாதிரிக்கு ஐம்பது கட்டி கேட்டிருந்தது. பிடித்துப்போனால் மாதாமாதம் வாங்குவதாகக் கடிதம் தருவார்கள். கெடு ஜனவரி 20. ஞாயிறுதோறும் குழந்தை போன் செய்து ஒரே கேள்விதான் கேட்பாள்: "அம்மா, காஞ்சிடுச்சா?"

நாளுக்கொரு தட்டாக ஊற்றி, தட்டுக்குப் பதினான்காக ஐம்பத்தாறு கட்டிகள். மாடி அறைப் பலகையில் அவற்றைத் திருப்பித் திருப்பிக் காய வைத்ததில் எது எந்தத் தட்டு என்பது கலந்துபோயிற்று. எடை மூன்று நாளாகக் குறையவில்லை. "தயார்" என்று நான்தான் சொன்னேன். ஈரம் போயிற்றா என்பதைத்தான் எடை சொல்லும். தோலைக் கடிக்குமா என்பதைச் சொல்லாது.

ஜனவரி 19 மதியம், ஓரம் சீவிய சோப்புத் துண்டால் கை கழுவியவளுக்கு விரலிடுக்கு எரிந்தது. உடனே ஒரு கட்டியை ஈர விரலால் தேய்த்து, விரலை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள். சோடாவின் காரம் மிஞ்சியிருந்தால் பேட்டரியைத் தொட்டதுபோல் சுரீர் என்னும். அந்தக் கட்டி ஒன்றும் செய்யவில்லை. அடுத்ததும் அப்படியே. ஏழாவதில் தலையைப் பின்னுக்கு இழுத்தாள்.

இருபதைத் தாண்டியதும் என்னை மேலே கூப்பிட்டாள்.

"பெரியப்பா, எல்லாமே கடிக்குது."

"எல்லாமேவா?"

"பச்சைத் தண்ணி கூட எரியுது. நாக்கு புண்ணாயிடுச்சு. நீங்க பாருங்க."

"பல்செட்டைக் கழட்டணுமா?"

"நாக்கைத்தானே கேட்டேன்! நுரை வந்தா மட்டும் சொல்லுங்க, துடைச்சு விடறேன்."

சிரித்தோம். நான் ஒன்பது பார்த்தேன், இரண்டு சுரீர் என்றன. அதற்குமேல் என் நாக்கும் செத்துவிட்டது.

கீழே வந்து நோட்டைப் பிரித்தேன். நான்கு நாளும் 376. டிசம்பர் 6 இரவு பழைய ஜக்கில் விரிசல் விட்டதும், மறுநாள் அதே நிறத்தில், அதே அளவில் அவள் புதிது வாங்கி வந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. புதிய ஜக்கைத் தராசில் வைத்தேன். 210. நான் அதை நிறுக்கவே இல்லை, நோட்டில் இருந்த 236ஐயே கூட்டியிருந்தேன். கடைசித் தட்டில் சோடா இருபத்தாறு கிராம் அதிகம்.

சொன்னேன். அவள் ஜக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தராசு தப்பு பண்ணும், நான் தப்பு பண்ணுவேன். உங்க நோட்டு பண்ணாதுன்னு இருந்தேனே, பெரியப்பா."

பிறகு பெட்டியை இழுத்து, கட்டிகளை மடமடவென்று அடுக்க ஆரம்பித்தாள். "பதினாலுதானே. யாருக்குத் தெரியப்போகுது?" முப்பது அடுக்கியபின் அவள் கை நின்றது. விரலிடுக்கில் சிவந்திருந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டாள். "வயசானவங்க தோலெல்லாம் காகிதம் மாதிரி இருக்கும்" என்று சொல்லி, பெட்டியைக் கவிழ்த்தாள்.

மறுநாள் இரண்டு வாரம் அவகாசம் கேட்டு இல்லத்துக்கு எழுதினாள். தவறு என்னுடையது என்று கீழே நான் ஒரு வரி சேர்த்தேன். 21 முதல் ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று கட்டி வீதம் பார்த்தோம். முப்பதாம் தேதி சரியாகப் பதினான்கு தனியே பிரிந்தன. நல்லவை நாற்பத்திரண்டு. மீதி எட்டுக்குப் புதிதாக ஊற்றினால் இன்னும் ஆறு வாரம்.

அந்த ஞாயிறும் போன் வந்தது. "காஞ்சிடுச்சுடா" என்றாள்.

இல்லத்திலிருந்து வந்த பதிலில் இரண்டே வரி. வேறிடத்தில் ஏற்பாடு செய்துகொண்டார்களாம், மாதிரி அனுப்ப வேண்டாமாம். படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"மாமியார் காகிதம் கேட்டாங்கல்ல? வந்துடுச்சு. எழுதிக்கோங்க."

நோட்டில் தேதியை மட்டும் எழுதினேன்: பிப்ரவரி 6.