மான் பகதூரின் கிரியா நாட்கள்

நேபாளச் சமூகத்தின் இறப்புச் சடங்குகள்தாம் என் ஆய்வுத் துறை. தென்காசியில் உட்கார்ந்துகொண்டு நேபாளமா என்று கல்லூரியில் கேலி செய்வார்கள். காட்மாண்டு போக நிதி கேட்டு ஓய்ந்தபிறகு, குற்றாலத்து ஓட்டல்களில் வேலை பார்க்கும் நேபாளிகளிடமே களப்பணி செய்தேன். புதிதாக இந்தத் துறைக்கு வருகிறவர்களுக்காக ஒரு சம்பவத்தை எழுதுகிறேன்.

சீசனில் வந்த போன்

சாரல் பிடித்து, அருவிகளில் கூட்டம் நெரிந்த நேரம். ஐந்தருவிச் சாலையில் ஓர் ஓட்டலில் சால்னா மாஸ்டராக இருந்த மான் பகதூருக்கு ஊரிலிருந்து போன் வந்தது. அப்பா இறந்துவிட்டார். இவர் போய்ச் சேர்வதற்குள் எரித்துவிடுவார்கள். ஒரே மகன். இருக்கிற இடத்திலேயே பதின்மூன்று நாள் கிரியா இருக்க வேண்டும். வெள்ளை உடுத்தி, யாரையும் தொடாமல், உப்பில்லாத ஒருவேளைச் சோற்றைத் தானே பொங்கிச் சாப்பிட வேண்டும். மகன் அதை முடித்தால்தான் அப்பா கரையேறுவார் என்பது அவர்கள் நம்பிக்கை.

அவருக்கு லீவு கேட்டு ஓட்டல் முதலாளியிடம் பேசிப் பார்த்தேன்.

“எங்கப்பா செத்து மூணாம் நாளே நான் கல்லாவுல வந்து உக்காந்தேன்லா டீச்சர். இவன மாடியில உக்கார வச்சிட்டு சால்னாவுக்கு நான் எங்கன போவேன்?”

“சமைக்கட்டும் அண்ணாச்சி. ருசி மட்டும் வேற யாராவது பாக்கட்டும்.”

“சரி, உங்களுக்காவ ஒத்துக்கிடுதேன்.”

வெள்ளை வேட்டியோடு அடுப்படியில் நின்றார். தன் சோற்றை மட்டும் மாடியில் தனியே பொங்கினார். அரைகுறைதான். “இது போதும் டீச்சர், அப்பாவுக்கு என் நெலம தெரியும்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை

அன்று மதியம் அடுப்படி ஓரம் நின்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். உப்பு கரிக்கிறது என்று இரண்டு மேசையிலிருந்து சால்னா திரும்பி வந்தது. முதலாளி கரண்டியை நீட்டினார்.

“ஏலே, நீயே பாத்துச் சரி பண்ணு. வெளிய சனம் நிக்கி.”

“அண்ணாச்சி, நாம பேசினது என்ன?” என்றேன்.

“கடைய இழுத்துப் பூட்டவா டீச்சர்?”

அவர் கத்தவில்லை. கெட்ட மனிதரும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆற்றாமை. மான் பகதூர் கரண்டியை வாங்கி, நாக்கில் உப்புப் பட ருசி பார்த்தார். தேங்காய் அரைத்துவிட்டுச் சரிசெய்தார். பரோட்டா போய்க்கொண்டே இருந்தது.

கூட்டம் வடிந்ததும் என்னிடம் வந்தார்.

“கிரியா முறிஞ்சிட்டு டீச்சர். இதுக்கு என்ன பரிகாரம்? எங்க ஆளுகளப் பத்தித்தான படிக்கிதிய, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்லா.”

எந்தச் சாதிக்கு எத்தனை நாள், யார் மொட்டை போடுவது, எந்த நாளில் என்ன தானம் எல்லாம் எனக்கு மனப்பாடம். முறிந்துபோனால் என்ன செய்வது என்று மட்டும் யாரிடமும் நான் கேட்டதில்லை. தெரியாது என்றேன். அவர் நம்பவில்லை. பரிகாரமே இல்லை என்பதைச் சொல்ல மனமில்லாமல் மறைக்கிறேன் என்று எடுத்துக்கொண்டார். சாயங்காலம் வேட்டியை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, பேண்ட் மாட்டிக்கொண்டு அடுப்புக்குப் போனார்.

சடங்கை முடித்தவர்களிடம் மட்டும் பேட்டி எடுக்காதீர்கள். முடிக்க முடியாமல் போனவர்களிடமும் எடுங்கள். அதனால் அவர்களுக்கு நல்லது நடக்கும் என்று சொல்ல மாட்டேன். என் இத்தனை வருட ஆராய்ச்சி மான் பகதூருக்கு ஒரு நாள் லீவுகூட வாங்கித் தரவில்லை.