நாலு விரல் தள்ளிப் போட்ட கோடு

என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன், பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

பென்னலூர் பக்கம் ஒரு கம்பெனி விருந்தினர் விடுதியில் டென்னிஸ் மைதானத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. புற்றுமண்ணும் சாணியும் கரைத்து மெழுகி, உருளை இழுத்து, ஆணிகளுக்கு நடுவே கயிறு கட்டிச் சுண்ணாம்புக் கோடு போடுவேன். என் மனைவிக்கும் அங்கேதான் வேலை. பத்தாவது படித்தவள், இங்கிலீஷ் பேசுவாள்.

இந்த வருஷம் தை மாதம், மெஷின் பொருத்த வந்த வெள்ளைக்கார இன்ஜினியரோடு அவர் சம்சாரமும் வந்தார். அந்தம்மா அர்ஜென்டினாக்காரர். பதினோரு வருஷம் ஊர் ஊராகப் போய் டென்னிஸ் ஆடி, முழங்கால் கெட்டதும் விட்டவராம்.

அன்றிலிருந்து என் வீட்டில் வேறு பேச்சில்லை. சோறு போடும்போதும் அந்தம்மா, பாய் விரிக்கும்போதும் அந்தம்மா. பதினைந்து வயதில் ஒரே பெட்டியோடு கப்பலேறியது, செங்கல்தூள் மைதானத்தில் விழுந்து காலெல்லாம் சிவந்தது, தோற்ற ராத்திரிகளில் அம்மாவுக்குக் கடிதம் எழுதிக் கிழித்தது. என் மனைவி சிரித்துச் சிரித்துச் சொல்வாள். இருபது வருஷத்தில் என்னைப் பற்றி யாரிடமாவது அப்படிப் பேசியிருப்பாளா? எனக்கு வயிறு எரிந்தது. வாய் திறந்து கேட்கத் தைரியமில்லை.

ஒரு நாள் பாரிஸில் நடந்த ஆட்டத்தைச் சொன்னாள். அந்தம்மா ஜெயிக்க ஒரே ஒரு பாயிண்ட்தான் பாக்கி. அவர் அடித்த பந்து கடைசிக் கோட்டில் விழுந்தது. வெளியே என்றார்கள். மண்ணில் தடம் இருக்கிறது, வந்து பாருங்கள் என்று அந்தம்மா கூப்பிட, நடுவர் நாற்காலியை விட்டு இறங்கி வந்தார். அதற்குள் பால் பொங்கிவிட்டது. என் மனைவி எழுந்து போனாள். கதை அங்கேயே நின்றது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஆபீசர்களோடு ஆட்டம். விடிகாலையில் கோடு போடும்போது இரண்டு பக்கமும் கடைசிக் கோட்டு ஆணிகளைப் பிடுங்கி, நாலு விரல் உள்ளே தள்ளி அடித்தேன். கடைசிக் கோட்டில் பந்தை இறக்குவதுதான் அந்தம்மாவின் வித்தை என்று என் மனைவி மூலமாகவே எனக்குத் தெரியும்.

பந்துக்குப் பந்து வெளியே விழுந்தது. ஆபீசர்கள் பல்லைக் காட்டினார்கள். அந்தம்மா மட்டையைக் கீழே வைத்துவிட்டு, வலையிலிருந்து அடிமேல் அடி வைத்து அளந்துகொண்டே நடந்து வந்தார். கோட்டருகே குந்தி, குறைந்த இடத்தில் விரல்களை மண்ணில் பதித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். துண்டோடு நின்ற என் மனைவியும் பார்த்தாள். அந்தம்மா திரும்பிப் போய் மட்டையை எடுத்து, ஆட்டத்தை ஆடி முடித்துத் தோற்றார்.

வீட்டில் என் மனைவி கேட்டாள்: “எத்தினி விரலுய்யா?”

“நாலு.”

“அவங்களும் நாலுன்னுதான் சொன்னாங்க. மேனேஜராண்ட சொல்லட்டுமான்னு கேட்டேன். வாணாம்னுட்டாங்க.”

மறுநாளே கோட்டைச் சரியாகப் போட்டுவிட்டேன். சித்திரையில் அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து என் மனைவி அந்தம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. நான் ஆசைப்பட்டது அதுதான். ஆனால் வேறெதைப் பற்றியும் பேசுவதில்லை.

போன வாரம் எப்படியோ கேட்டுவிட்டேன், பாரிஸில் அந்த நடுவர் இறங்கி வந்து என்ன சொன்னார் என்று.

“ஒனக்கு இன்னாத்துக்கு?” என்றாள்.

அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. இப்போது அதற்கும் வயிறு எரிகிறது. செய்தது தப்பு என்று நேரில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதினேன். அரிசி டப்பாவின் மேல் வைக்கப் போகிறேன். அவள்தான் முதலில் திறப்பாள்.

8.12.1991, ஞாயிற்றுக்கிழமை.