எழுபது வளைவு, மூன்று சாக்கெட்

1. கத்தும் மெஷின்

மலைமேல் செம்மேட்டில் நான் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் ஒரு பன்னிரண்டு வோல்ட் சாக்கெட் மண்டையைக் குடைந்த மாதிரி வேறெதுவும் குடைந்ததில்லை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

பழனி வாடகை ஜீப் ஓட்டுகிறவன். டூர் வருகிறவர்கள் போனுக்கு சார்ஜ் போடவும் டயருக்குக் காற்று அடிக்கவும் அவன் வண்டியில் ஒரு சாக்கெட் வைத்துக் கொடுத்திருந்தேன். ஒரு திங்கட்கிழமை காலை அந்த ஜீப்பில் வாழவந்தி நாடு கிராமத்து ராசம்மாள் வந்து இறங்கினார். அவர் வீட்டுக்காரருக்கு நுரையீரல் கெட்டுப்போய், மூக்கில் குழாயோடுதான் இருக்கிறார். மாதம் ஒருமுறை நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கையில் தூக்கிப் போகும் ஆக்சிஜன் மெஷினை ஜீப் சாக்கெட்டில் சொருகிக்கொண்டுதான் எழுபது வளைவும் கடந்து மலை இறங்குவார்கள். மெஷினுக்குள் இருக்கும் பேட்டரி பழசு. கால் மணி நேரம் தாங்கினால் பெரிய விஷயம். புது பேட்டரிக்குச் சொல்லி வைத்திருந்தும் வந்தபாடில்லை.

"ஏனுங்க, வளைவுக்கு வளைவு மெஷின் கத்துதுங்க. பிளக்கைப் புடுங்கி மறுபடி சொருகுனாத்தான் கரண்ட் எடுக்குது. போன தடவ பாதி மலைகூட எறங்கல, உள்ள இருக்கற பேட்டரி தீந்து போச்சுங்க. அவரு ஒதடெல்லாம் நீலமாயிருச்சு. வர்ற வியாழக்கிழமை மறுபடி போவோணுமுங்க" என்றார்.

எனக்கு மூன்று நாள் இருந்தது.

2. காந்தம் ஒட்டினால் வேண்டாம்

பழைய சாக்கெட் சிகரெட் லைட்டர் வகை. அதில் சொருகும் பிளக்கின் நுனியில் ஒரு ஸ்பிரிங் உண்டு. அந்த ஸ்பிரிங்கே பிளக்கை வெளியே தள்ளப் பார்க்கும். வண்டி குலுங்கினால் கேட்கவே வேண்டாம். சாக்கெட்டுக்குள் சின்னக் காந்தத்தை விட்டேன், டக்கென்று ஒட்டியது. பித்தளை மாதிரி முலாம் பூசிய இரும்பு. ஆள் அகப்பட்டான் என்று நினைத்தேன்.

நல்ல பித்தளை சாக்கெட் ஒன்றை மாட்டினேன். ராசம்மாள் வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் இருந்ததால் மெஷினை என்னிடம் விட்டுப் போயிருந்தார். கடையில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன், சூடில்லை. லூசான பிளக் முதலில் சூடாகும், பிறகுதான் உருகும். பழனி மெஷினோடு பத்து வளைவு இறங்கி ஏறி வந்தான்.

"கத்துதுண்ணா."

மறுநாள் மூன்றாவது சாக்கெட். டூர் வேன்களில் ஃபிரிட்ஜுக்கு வைப்பார்களே, ஓட்டை சின்னதாக, பிளக் கிச்சென்று பிடித்துக்கொள்ளும் வகை. இழுத்தால் என் கைதான் வலித்தது. பழனி மறுபடி போய் வந்தான்.

"அண்ணா, கத்துதுண்ணா."

"நீ வண்டிய ஓட்டறயா, உருட்டறயாடா?"

"ஏண்ணா, ஒருக்கா நீங்களே வந்து பாத்துட்டுத் திட்டுங்களேன்."

3. நாலாவது வளைவு

புதன்கிழமை காலை நானே ஏறினேன். பின்சீட்டில் ராசம்மாள் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பிளக்கை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முதல் வளைவில் பிளக் ஒரு நூல்கூட நகரவில்லை, மெஷின் கத்தியது. இரண்டாவதிலும் கத்தியது. மூன்றாவதில், வண்டி திரும்பும் முன்பே கத்திவிட்டது. குலுங்காமலே ஏன் கத்த வேண்டும்?

நாலாவது வளைவில் கீழே ரோடு முழுக்கத் தெரிந்தது, எதிரே வண்டி இல்லை. பழனி ஹாரன் அடிக்காமல் திருப்பினான். மெஷின் சத்தமே போடவில்லை.

"பழனி, ஓரமா நிறுத்து. இப்ப ஹாரன் அடி."

நின்ற வண்டியில் அடித்தான். மெஷின் கத்தியது. மீட்டரை வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டரை காட்டிய வோல்ட், ஹாரன் அடித்ததும் பதினொன்றுக்குக் கீழே விழுந்தது. அவ்வளவு குறைந்தால் மெஷினுக்குக் கரண்ட் பத்தாது, கத்தும். அந்த சாக்கெட்டுக்கு ஹாரன் வயரிலிருந்து கரண்ட் எடுத்தது நான்தான்.

மலையில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் எடுப்போம். ஸ்டியரிங்குக்குக் கீழேயே கைக்கு எட்டும், சாவி போடாமலும் வேலை செய்யும். போன் சார்ஜ் ஏற அது போதும். ஆனால் இந்த ரோட்டில் வளைவுக்கு வளைவு திரும்பி முடிக்கும்வரை ஹாரனை அழுத்திப் பிடிக்கிறோம். அந்த மெல்லிசு வயர் ஹாரனுக்கும் மெஷினுக்கும் எப்படித் தாங்கும்?

"என்னங்க ஆச்சு?" என்றார் ராசம்மாள்.

"சாக்கெட்ல தப்பில்லீங்க. நான் வயர் எடுத்த எடம் தப்பு."

"போன மாசமும் இதாலதானுங்களா?"

"ஆமாங்க."

அவர் மடியிலிருந்த மெஷினை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

அன்றே வண்டி பேட்டரியிலிருந்து நேராகத் தடிமனான வயர் இழுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே தனி ஃபியூஸ் போட்டேன். வியாழக்கிழமை மத்தியானம் நாமக்கல்லிலிருந்து பழனி போன் செய்தான்.

"ஒருக்காகூடக் கத்தலண்ணா. அந்தம்மாதான் வளைவுக்கு வளைவு, 'ஹாரன் அடி சாமி, இன்னும் நல்லா அடி'ன்னு கத்திக்கிட்டே வந்தாங்க."

சாக்கெட் வாங்கும்போது பித்தளையா பாருங்கள், பிளக் கிச்சென்று பிடிக்கிறதா பாருங்கள். அதற்கு முன்னால் வயரின் மறுமுனை எங்கே போகிறது என்று பாருங்கள். கடையில் சும்மா நிற்கும் வண்டியில் எல்லாமே நன்றாகத்தான் வேலை செய்யும்.

ஹாரன் வயரில் நான் சாக்கெட் வைத்த வண்டிகள் இந்த மலையில் இன்னும் ஓடுகின்றன. கண்ணில் படும்போதெல்லாம் கை காட்டி நிறுத்துகிறேன். "போன் நல்லாத்தானுங்களே சார்ஜ் ஏறுது, உடுங்க" என்பார்கள்.

"போனுக்கு மூச்சு முட்டாதுங்க. வண்டிய ஓரங்கட்டுங்க" என்பேன்.