நான் வரைந்த தேர்

ஆரணியில் பட்டுக்கடைகள் வரிசையாக இருக்கிற தெருவில், ஒரு கடையின் மாடியில்தான் எங்கள் டிசைன் ஸ்டுடியோ இருந்தது. அதை நடத்தியவர் சென்னையிலிருந்து இந்த ஊர்ப் பட்டு வியாபாரி வீட்டுக்கு மருமகளாக வந்தவர். எல்லாரும் மேடம் என்போம். புடவைக்கு நாங்கள் டிசைன் போடுவோம், தறிக்காரர்கள் நெய்து தருவார்கள், மேடம் ஆன்லைனிலும் சென்னைக் கண்காட்சிகளிலும் விற்பார். ஃபேஷன் டிசைன் டிப்ளமா முடித்த கையோடு நான் அங்கே சேர்ந்தேன்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை யாரும் கம்ப்யூட்டரைத் திறக்கக் கூடாது என்பது மேடத்தின் சட்டம். அன்றைக்கு எல்லாரையும் வேனில் ஏற்றிக்கொண்டு எங்காவது போவார். 'இன்ஸ்பிரேஷன் தேடி' என்பார். பழைய கோயில் தூண்கள், பூச்சந்தை, மணல் மட்டும் மிஞ்சிய கமண்டல நாக நதி, கலசப்பாக்கம் பக்கம் சாயங்காலத்தில் ஊதாவாகத் தெரியும் மலை. போய் வந்ததும் புகைப்படங்களையும் பொறுக்கிவந்த இலைகளையும் ஒரு சுவர் முழுக்கக் குத்தி வைப்போம்.

எனக்கு அந்தச் சனிக்கிழமைகள் அவ்வளவு பிடிக்கும். எங்கள் வீட்டில் வெளியே போவதென்றால் கூலி வேலைக்கு, ஆஸ்பத்திரிக்கு, இல்லாவிட்டால் சாவுக்கு. ஒன்றைச் சும்மா பார்த்துவிட்டு வருவதற்காக யாரும் பேருந்து ஏறியதில்லை. பார்ப்பதற்கும் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதை என்னால் முதலில் நம்பவே முடியவில்லை.

ஒரு முறை ரைஸ் மில்லுக்குப் போனோம். களத்தில் அவித்த நெல் காய்ந்துகொண்டிருந்தது. பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நெல்லுக்குள் காலை இழுத்து இழுத்து நடந்தார்கள். அவர்கள் நடந்த இடமெல்லாம் கோடு கோடாகப் பிரிந்து, ஈர நெல் ஒரு நிறமும் காய்ந்த நெல் ஒரு நிறமுமாகத் தெரிந்தது. அந்தக் கோடுகளை நான் ஒரு முந்தானையாக வரைந்தேன். மேடம் அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எப்படி உனக்கு இது தோணுச்சு?"

"எங்கம்மா மில்லுல இந்த வேலை செஞ்சிகினு இருந்தாங்க மேடம். சாப்பாடு குடுக்கப் போவேன்."

மேடம் என் தோளில் கை வைத்தார். "இதான்பா வேணும். இதான் ஸ்டோரி" என்றார்.

அந்தப் புடவை நன்றாகப் போயிற்று. அதன் பிறகு ஏதாவது புதிதாகத் தொடங்கும்போதெல்லாம் மேடம் என் பக்கம் திரும்பி, "உங்க ஊர்ல இதுக்கு என்ன பண்ணுவாங்க?" என்று கேட்பார். என்னை மதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது அதில் பொய்யில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

கோயில் தேரை வைத்து ஒரு வரிசைப் புடவை செய்யலாம் என்ற யோசனை வந்த நாளில் அப்படித்தான் கேட்டார்.

"உங்க ஊர்ல தேர் உண்டா?"

உண்டு. தேசூர் பக்கம் ஒரு சிற்றூர் எங்களுடையது. தேர் பெரியது, பழையது. ஆனால் அது ஊருக்குள் நான்கு தெருவைச் சுற்றிவிட்டு நிலைக்குப் போய்விடும். எங்கள் காலனி பக்கம் திரும்பாது. காலனிக்காரர்கள் வடம் தொடக் கூடாது, தேரோடும் தெருவுக்குள்ளும் வரக் கூடாது. சின்ன வயதிலிருந்து நான் பார்த்ததெல்லாம் புளியமரங்களுக்கு மேலே அசைந்து போகும் கலசமும் மேல்துணியும்தான். அதன் சக்கரத்தை நான் பார்த்ததே இல்லை.

இதை மேடத்திடம் அப்படியே சொன்னேன்.

"இப்பல்லாம் அதையெல்லாம் யாருப்பா பாக்கறா? நான் இருக்கேன்ல?" என்றார். "அப்புறம், அன்னிக்கு லஞ்ச் உங்க வீட்லதான். உங்கம்மா கையால சாப்பிடணும்."

அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"இன்னாடி சொல்ற? அவுங்க நம்ம வூட்ல துன்னுவாங்களா?"

"அவங்களேதாம்மா கேட்டாங்க."

பாத்திரங்களை நகர்த்தும் சத்தம் போனில் கேட்டது. பிறகு அம்மா, "சாம்பாரா, காரக்கொழம்பா?" என்று கேட்டாள்.

தேரன்று வேனில் பாட்டு ஓடியது. நான் முன் சீட்டில் உட்கார்ந்து வழி சொன்னேன். ஊர் எல்லையில் வண்டியை நிறுத்தி இறங்கினோம். மேளச் சத்தம் கேட்டது. மேடத்தின் மாமனாருக்குத் தெரிந்தவர் ஒருவர், கோயில் காரியங்களைப் பார்ப்பவர், வெள்ளை வேட்டியில் எதிர்கொண்டு வந்தார். எல்லாரையும் கும்பிட்டார். ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டு வந்தவர் என்னிடம் நின்றார்.

"நீ எந்த ஊரும்மா?"

"இந்த ஊருதாங்க."

"இந்த ஊரா? யாரு வூட்டுப் பொண்ணு?"

அப்பா பெயரைச் சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்பு மாறவே இல்லை. அதுதான் எனக்கு மறக்கவில்லை.

"ஓ, அவன் பொண்ணா? நல்லா படிச்சிகினு முன்னுக்கு வந்துட்ட. சந்தோஷம்" என்றார். பிறகு மேடத்தின் பக்கம் சாய்ந்து, எனக்கும் கேட்கிற குரலில் சொன்னார். "அந்தப் பொண்ணு மட்டும் வண்டிகிட்டயே இருக்கட்டும்மா. திருவிழா நேரம். எதுனா பேஜாராயிடும். அப்புறம் அவுங்களுக்குத்தான் கஷ்டம்."

மேடம் என்னைப் பார்த்தார். அவர் ஏதோ சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். சொன்னார்.

"கொஞ்ச நேரம்தான்பா. அட்ஜஸ்ட் பண்ணிக்கோ, ப்ளீஸ். இங்க ஒரு சீன் வேணாம். எல்லாத்தையும் போட்டோ எடுத்துட்டு வந்து உனக்குக் காட்டறேன்."

எங்களில் மூத்த டிசைனர் ஒருவர் இருந்தார். நான் அண்ணா என்று கூப்பிடுவேன். வேலையில் பாதியை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர். அவர் கேமராவின் லென்ஸைத் திருகிக்கொண்டே நின்றார். பிறகு, "வெய்யில் ஏறிடும் மேடம், ஜல்தியா போலாம்" என்றார். போகும்போது என்னிடம் குனிந்து, "தண்ணி பாட்டில் சீட்டுக்கு அடியில கீது" என்றார்.

டிரைவர் சீட்டைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். நான் வண்டியின் நிழலில் நின்றேன். காலனி கூப்பிடு தூரம்தான், போயிருக்கலாம். ஆனால் இவர்களைச் சாப்பிட அழைத்துப்போக வேண்டியவள் நான்தானே என்று நின்றேன். தேர் கிளம்பியபோது கூட்டம் போட்ட சத்தம் காற்றில் வந்தது. புளியமரங்களுக்கு மேலே கலசம் அசைந்தது. பள்ளிக்கூடம் போன காலத்தில் எவ்வளவு பார்த்தேனோ அவ்வளவேதான் அன்றும் பார்த்தேன். டிப்ளமா, வேலை, ஆரணியில் வாடகை வீடு எதுவும் என்னை ஒரு அடி முன்னால் நகர்த்தவில்லை.

அவர்கள் திரும்பி வந்தபோது எல்லார் நெற்றியிலும் குங்குமம். மேடத்தின் முகம் வெயிலில் சிவந்து பளபளத்தது. "செம்ம எனர்ஜிப்பா! நீ மிஸ் பண்ணிட்டே" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்திருக்க வேண்டும். ஒரு தாளில் மடித்த குங்குமத்தை என் கையில் வைத்தார்.

"அவர் வீட்லயே எல போட்டுட்டாங்க. எவ்ளோ சொல்லியும் விடவே இல்ல. உங்கம்மாகிட்ட நான் சாரி சொன்னேன்னு சொல்லிடு, என்ன? இன்னொரு நாள் கண்டிப்பா வரோம்."

"சரிங்க மேடம். நான் வூட்டுக்குப் போய்ட்டு பஸ்ல வரேன்" என்றேன்.

வேன் போன புழுதி அடங்குவதற்குள் நான் நடக்கத் தொடங்கிவிட்டேன்.

எங்கள் வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. தெருவில் நான்கைந்து வீடுகளில் கேட்டு வாங்கியவை, ஒன்றுக்கொன்று நிறம் ஒட்டாதவை. அம்மா அவற்றைக் கழுவித் துடைத்திருந்தாள். என் தம்பி கல்யாணத்துக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு நின்றாள். என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் பார்த்தாள்.

"எங்க, பின்னால வராங்களா?"

"வர்லம்மா. அங்கயே சாப்ட்டாங்க."

"உன்ன உள்ள உட்டாங்களா?"

நான் குனிந்து செருப்பைக் கழற்றினேன். அம்மா கையிலிருந்த துண்டை உதறி மடித்தாள்.

"நீ போன்ல சொல்லச் சொல்லவே எனக்குத் தெரியும். நீ சந்தோஷமா கீறியேன்னு வாய மூடிகினு இருந்தேன்" என்றாள். "அவுங்கள சொல்லி இன்னா கீது? வடைய இன்னா பண்றது இப்ப?"

தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டாள். அவர்கள் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, இலையை மடியில் வைத்துக்கொண்டு, வடையும் பாயசமுமாகச் சாப்பிட்டார்கள். எதற்கு இந்த விருந்து என்று ஒருவரும் கேட்கவில்லை. அம்மா பரிமாறிக்கொண்டே இருந்தாள். அவள் சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. நான் சாப்பிட்டேன். பசித்தது.

திங்கட்கிழமை ஸ்டுடியோவுக்குப் போனால் சுவர் முழுக்கத் தேர். சக்கரத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன், பளபளக்கும் போட்டோத் தாளில். ஆள் உயரம் இருந்தது. ஆரங்களுக்கு நடுவே எண்ணெய்க் கறுப்பு. அழகாக இருந்தது. அழகாக இல்லை என்று சொல்ல முடிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீதான் இத வரையணும்" என்றார் மேடம்.

"வேற யாராச்சும் வரையட்டும் மேடம்."

"எனக்குப் புரியுது, உனக்கு ஹர்ட் ஆயிருக்கு. அந்த ஃபீலிங்கை டிசைன்ல கொண்டு வா. அப்பதான் உயிர் இருக்கும்."

அவர் அதைக் கனிவாகச் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் திருப்பிச் சொல்ல ஏதாவது கிடைத்திருக்கும்.

வரைந்தேன். வேலையை விட்டால் மாதம் எப்படிப் போகும் என்கிற பயம் ஒரு பக்கம். என்னைத் தவிர வேறு யாராவது அதைத் தொட்டால் தாங்காது என்கிற வெறி இன்னொரு பக்கம். கோபத்தோடு வரைந்தால் கை கோணும் என்பார்கள். கோணவில்லை. பார்டரில் சக்கரங்கள் ஓடின. முந்தானையில் தேர்த்துணிகளின் பட்டைகள் தொங்கின. நான் போட்டதிலேயே நல்ல டிசைன் அதுதான்.

சென்னைக் கண்காட்சிக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். அரங்கில் ஒவ்வொரு புடவை மடிப்புக்குள்ளும் ஒரு சின்ன அட்டை இருந்தது. அதில் என் படம். கீழே, 'இந்தத் தேரின் வடம் பிடித்து வளர்ந்த பெண்ணின் கைவண்ணம்' என்று அச்சடித்திருந்தார்கள்.

மேடத்தைத் தனியே கூப்பிட்டேன். "நான் வடம் பிடிச்சதில்ல மேடம். வண்டிகிட்ட நிக்கச் சொன்னது உங்களுக்கே தெரியும். இத எடுத்துடுங்க."

"அது ஒரு கவிதை மாதிரிப்பா. அப்படியே அர்த்தம் எடுத்துக்கக் கூடாது. எல்லாத்தையும் நெகட்டிவா பாத்தா எப்படி முன்னேறுவே?"

அதற்குள் வாங்க வந்த அம்மாள் ஒருவர் அட்டையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "தேரோட பொறந்து வளந்திருக்கே. குடுத்து வச்சவம்மா நீ" என்றார். மேடம் பக்கத்திலேயே நின்றார். நான், "தேங்க்ஸ்ங்க" என்றேன்.

ஆரணி திரும்பியதும் வேலையை விட்டேன். மேடம் அழுதார். தன்னால் முடிந்ததையெல்லாம் எனக்குச் செய்ததாகச் சொன்னார். அம்மா திட்டினாள். "வெளிய நிக்க வெச்சதுக்கு வேலைய வுடறதுன்னா நானெல்லாம் எந்தக் களத்துல நெல்லு காய வெச்சிருப்பேன்?" என்றாள். அவள் கேட்டதில் தவறில்லை. ஆனாலும் நான் போகவில்லை.

இப்போது ஜக்கார்டு தறிக்கு டிசைன் போட்டுக் கொடுக்கும் ஒரு சின்ன இடத்தில் வேலை செய்கிறேன். முதலாளி ஒரு புடவையைக் கொண்டுவந்து காட்டுவார். மயிலை மாங்காயாக்கு, மாங்காயைக் கொடியாக்கு என்பார். மாற்றிக் கொடுப்பேன். யாரும் என்னிடம் கதை கேட்பதில்லை. இது நிம்மதி என்று சிலரிடம் சொல்லியிருக்கிறேன். இது நிம்மதி இல்லை. ஒரு சுவரைப் பார்த்தாலும் பூவைப் பார்த்தாலும் முன்பு கைக்குள் ஒரு துடிப்பு வரும். இப்போது வருவதில்லை.

போன மாதம் பேருந்து நிலையத்தில் அண்ணாவைப் பார்த்தேன். டீ வாங்கித் தந்தார். தலை கொஞ்சம் நரைத்திருந்தது.

"எப்டி கீற?"

"இருக்கறேண்ணா. இன்னும் சனிக்கிழமை வெளிய போறீங்களா?"

"போறோமே. உன் எடத்துக்குப் புதுசா ஒரு பொண்ணு வந்துகீது. செஞ்சி பக்கம் ஏதோ கிராமம். நல்லா வரையுது. அவுங்க ஊர்ல கூத்து கட்டுவாங்களாம். மேடம் கேட்டதும் ஒரே குஷி. அடுத்து அங்கதான் போறோம்."

"அந்தப் பொண்ணு ஊர்த்தெருவாண்ணா, காலனியா?"

அண்ணா டீயை ஒரு வாய் குடித்தார்.

"நான் கேக்கலியேம்மா" என்றார்.

வந்தவாசி பஸ் வந்து நின்றது. தம்ளரை வைத்துவிட்டு ஏறிக்கொண்டேன்.