நூற்று நான்கு வோல்ட்டுக்குக் கீழே

வென்டல் ஸ்ட்ராட் அயோவாவில் முப்பத்தொரு வருஷம் பால் லாரி ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் வீட்டை விற்று, உள்ளேயே குடியிருந்தபடி ஓட்டிப் போகும் ஒரு வீட்டுவண்டி வாங்கினார். அவரும் மனைவி மாவிஸும் ஜூனி என்ற குட்டைக்கால் நாயும் வெயிலைத் தேடித் தெற்கே திரிந்தார்கள்.

மூன்றாவது குளிர்காலத்தில் டெக்சாஸில், இப்படிப்பட்ட வண்டிகள் தங்கும் ஒரு முகாம். வண்டிக்கு மின்சாரம் தரும் இணைப்புக் கம்பத்துக்குள் நியூட்ரல் கம்பி கழன்று கிடந்தது தெரியாமல் வென்டல் பிளக்கைச் செருகினார். நூற்றிருபது வோல்ட் வர வேண்டிய இடத்தில் இருநூறுக்கு மேல் பாய்ந்தது. ஃபிரிட்ஜ், ஏ.சி., டிவி எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் கருகின. மாவிஸின் நுரையீரலில் அப்போதே கட்டி இருந்தது. கடைசி ஐந்து மாதத்தையும் அவள் கருகிய பிளாஸ்டிக் வாடையிலேயே கழித்தாள். போவதற்கு முந்தின வாரம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஜூனிய மட்டும் பாத்துக்கய்யா. என்னைய மறந்தாலும் பரவால்ல."

அவள் போன பிறகு வென்டல் ஒரு காப்புப் பெட்டி வாங்கினார். கம்பத்துக்கும் வண்டிக்கும் நடுவில் அது உட்கார்ந்திருக்கும். மின்சாரம் நூற்றுமுப்பத்திரண்டுக்கு மேல் ஏறினாலோ நூற்று நான்குக்குக் கீழே இறங்கினாலோ 'டக்'கென்று துண்டித்துவிடும். சரியானதும் இரண்டு நிமிஷம் பொறுத்து மறுபடி சேர்க்கும். மனிதர்களிடம் காணாத ஒழுங்கை அவர் அதில் கண்டார்.

அரிசோனாவில் யூமா ஊருக்கு வெளியே இருந்த முகாமில் அவர் நிலையாகத் தங்கினார். ஒரு ஜனவரியில் பக்கத்து வண்டி ஐடா அவருடைய விளக்கு அணைந்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கம்பத்தின் பிரேக்கரை ஒருமுறை இறக்கி ஏற்றிவிட்டாள். வென்டல் பனியனோடு வெளியே பாய்ந்தார்.

"பெட்டி ஏதோ காரணத்தோடதான் நிறுத்தியிருக்கு! இன்னொரு தரம் என் கம்பத்துல கை வெச்சே, கைய ஒடிச்சிருவேன்!"

வியாழக்கிழமை விருந்துக்கு ஆளுக்கொரு பாத்திரத்தோடு வந்துகொண்டிருந்த அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். மறுநாள் கம்பத்துக்குப் பூட்டும் போட்டார். அன்றிலிருந்து முகாமில் அவர் பெயர் 'பூட்டு'.

மே மாதம் வந்தது. போக இடமிருந்தவர்கள் வடக்கே போய்விட்டார்கள். மிஞ்சியது பத்து வண்டி. முகாம் நிர்வாகி கர்ட்டிஸ் வழக்கம்போல எல்லோரையும் ஒரே வரிசைக்கு நகர்த்திவிட்டு மற்ற வரிசைகளை அணைத்தான். வென்டலின் பூட்டும் புதுக் கம்பத்துக்கு மாறியது. பத்து வண்டியின் ஏ.சி.யும் ஒரே பழைய கம்பியில் தொங்கின. நூற்றுப் பன்னிரண்டு டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில், மத்தியானமானால் வோல்டேஜ் சரிந்தது. வென்டலின் பெட்டி துண்டிக்க ஆரம்பித்தது.

"என் கரண்ட் சரியாத்தான் இருக்கு பெரியவரே. உங்க பெட்டிக்குத்தான் நெஞ்சுவலி. கழட்டி வெச்சிட்டு நேரா மாட்டுங்க, எல்லாரும் மாட்டலியா?" என்றான் கர்ட்டிஸ்.

"கொறஞ்ச வோல்டேஜ்ல மோட்டார் திணறி எரிஞ்சு போகும்டா மடையா."

"எரியறப்ப எரியட்டும். இப்ப குளுகுளுன்னு இருக்காங்கல்ல?"

ஜூனிக்குப் பதினாலு வயது. ஒரு கண் போய்விட்டது, இதயத்துக்கு மாத்திரை. ஏ.சி. நிற்கும்போதெல்லாம் வென்டல் ஈரத்துண்டைப் போர்த்தி, அதைக் காரில் ஏற்றி, கார் ஏ.சி.யில் சுற்றிவருவார். அவர் கூடவே இருந்ததால் சமாளிக்க முடிந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை பல்செட் மாட்ட எல்லை தாண்டி மெக்சிகோவில் ஆல்கோடோனெஸ் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. காலையில் வோல்டேஜ் நூற்றுப் பத்தொன்பது. ஜூனியைத் தூக்கி ஓட்டுநர் இருக்கையில் படுக்கவைத்து, ஏ.சி.யை எழுபத்தாறில் வைத்தார். ஒரு மணிக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்கு. மேல்வரிசை பொருந்தவில்லை என்று பல் மருத்துவர் மறுபடி இழைத்தார். பிறகு எல்லைச் சாவடியில் வரிசை. ஐடாவுக்குப் போன் செய்யலாமா என்று தோன்றியது. அவள் எண்ணை அவர் கேட்டு வாங்கியதே இல்லை. பெட்டிதான் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

நாலே முக்காலுக்கு வந்து சேர்ந்தார். ஐடா தன் வண்டி நிழலில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஐஸ் டீ குடித்துக்கொண்டிருந்தாள். அவர் கதவைத் திறந்ததும் உள்ளிருந்த சூடு முகத்தில் அறைந்தது. ஜூனி இருக்கையில் இல்லை. கதவடியில், கீழ்ச்சந்தில் மூக்கை வைத்துக் கிடந்தது. உடம்பு விறைத்திருந்தது. கதவின் உட்பக்கம் நகக் கீறல்.

டக் என்றது பெட்டி. இரண்டு நிமிஷம் கழித்து டக் என்று சேர்த்தது. ஏ.சி. முனகி எழுந்ததும் வோல்டேஜ் விழுந்தது. மறுபடி டக்.

வென்டல் ஐடா பக்கம் திரும்பினார். "எப்போலேருந்து இப்படி?"

"பன்னெண்டரை இருக்கும். டக்கு டக்குன்னு ஒரே சத்தம்."

"ஜூனி கொரைக்கலியா?"

"கொரைச்சா. ரெண்டு மணி வரைக்கும் கொரைச்சா. அப்புறம் தூங்கிட்டாளோன்னு நெனச்சேன்."

"கழட்டி நேரா மாட்டியிருக்கலாமே ஐடா! கர்ட்டிஸையாவது கூப்பிட்டிருக்கலாமே!"

ஐடா டம்ளரைத் தரையில் வைத்தாள். "பூட்டு யார் போட்டது? பெட்டி காரணத்தோடதான் நிறுத்தும்னு நீதானே சொன்னே. எனக்கு என் கை வேணும்."

வென்டல் வண்டிக்குள் போனார். புதுப் பல் ஈறை அறுத்துக்கொண்டிருந்தது. நாயை மாவிஸின் குளியல் துண்டில் சுற்றி, வேலிக்கு அப்பால் புதைத்தார். தரை இறுகிக் கிடந்ததால் ஆழமாகத் தோண்ட முடியவில்லை.

ஜூன் இரண்டாம் வாரம், அவர் சொன்னபடியே நடந்தது. முதலில் கடைக்கோடியில் நின்ற வண்டியின் ஏ.சி. எரிந்தது, அடுத்த நாள் இரண்டு, ஞாயிற்றுக்கிழமை ஐடாவுடையது. அடுத்த சில நாளில் மற்றவையும் எரிய, அந்த வரிசையில் ஓடிக்கொண்டிருந்தது வென்டலின் ஏ.சி. மட்டும்தான். இழுக்க வேறு ஆளில்லாததால் வோல்டேஜ் நூற்றுப் பதினெட்டில் அசையாமல் நின்றது. பெட்டி சத்தமே போடவில்லை.

கர்ட்டிஸ் வந்து தொப்பியைக் கழற்றினான். "நீங்க சொன்னதுதான் சரி பெரியவரே. அந்தப் பெட்டி என்ன மாடல்? எல்லாரும் கேக்கறாங்க."

வென்டல் மாடல் எண்ணைச் சொன்னார்.

மூன்று மணிக்கு ஐடா கதவைத் தட்டினாள். முகம் சிவந்து வேர்த்திருந்தது. "கொஞ்ச நேரம் உள்ள உக்காந்துக்கட்டுமா வென்டல்? தாங்கல."

அவர் வழிவிட்டார். ஐடா ஓட்டுநர் இருக்கையில் சாய்ந்து, கண்ணை மூடி, கால்களை நீட்டினாள்.

"அப்பாடி," என்றாள். "இங்க எவ்வளவு நல்லா இருக்கு."

வென்டல் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, கதவின் கீறல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.