எரிமலை பிரியாணி

என் அத்தா ஷேக் தாவூது கள்ளக்குறிச்சியில் கல்யாணங்களுக்குப் பிரியாணி போட்டவர். கல்வராயன் மலையில் சுற்றுலாக் கூட்டம் பெருகியதும், வேனில் தேக்சா அண்டாவை ஏற்றிக்கொண்டு மேலே அருவிப் பக்கம் போய்ச் சமைக்கத் தொடங்கினார். வேனின் பின்பக்கம் சிவப்பு எழுத்தில் ‘எரிமலை பிரியாணி’.

கல்வராயன் மலை எரிமலை அல்ல. நான் ஜியாலஜி படித்தவள், சொன்னேன்.

“பூமிக்கு அடியில ரொம்ப ஆழத்துல உண்டான பாறை அத்தா. மேல இருந்ததெல்லாம் கரைஞ்சு போயி இப்ப வெளிய தெரியுது.”

“அடியில சூடு இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“அப்ப எரிமலைதான். இன்னாத்துக்குப் பேச்ச மாத்துற?”

வந்தவர்களிடமும் அதையே சொன்னார். “நெருப்புல பொறந்த கல்லுங்க. நெருப்பு இத இன்னா பண்ணும்?”

பாறையின் விளிம்பில்தான் அடுப்பு. கீழே பள்ளம், எதிரே அருவி. தம் இறக்கியதும் ஓடைத் தண்ணீரை மொண்டு கங்கின்மேல் ஊற்றுவார். காட்டில் தீப்பிடிக்கக் கூடாது என்ற கவனம் அவருக்கு. அந்தப் பாறையோ வெங்காயம்போல அடுக்கடுக்காக உரியும். ஒரே இடத்தில் சூடும் குளிர்ந்த நீரும் மாறி மாறிப் பட்டால் அடுக்கு விட்டுப்போகும். அதையும் சொன்னேன்.

“தள்ளி வெச்சா அருவி தெரியாதும்மா. போட்டோவுல இன்னா வரும்?”

போன வருடம், ரம்ஜான் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, அத்தா தேக்சா மூடியைத் திறக்கும்போது அடுப்போடு அந்த அடுக்கு சரிந்தது. அத்தா பள்ளத்தில் விழுந்தார். மலையிறங்கி வருவதற்குள் உயிர் போய்விட்டது.

‘எரிமலை பாயை எடுத்துக்கிச்சு’ என்றது ஊர்.

வேன் அம்மாவின் தம்பி சர்புதீன் மாமா கைக்கு வந்தது. சரிந்த இடத்துக்குப் பக்கத்திலேயே அடுப்பு வைத்தார். பாறை தட்டிப் பார்க்கும் என் சுத்தியலோடு மேலே போனேன். கெட்டியான இடத்தில் தட்டினால் கணீரென்றது. அடுப்படியில் தட்டினால் பொத்தென்றது.

“உள்ள வுட்டுப்போயிருக்கு மாமா. அத்தா மாதிரியே நீங்களும் போயிடுவீங்க.”

குனிந்து காது கொடுத்துக் கேட்டார். கண் கலங்கியது. “சுத்தியல வெச்சிட்டுப் போம்மா. தட்டிப் பாத்துதான் இனிமே அடுப்பு வெப்பேன்.”

கொடுத்தேன்.

அடுத்த மாதம் போனபோது நல்ல கூட்டம். அடுப்பு அதே இடத்தில் இருந்தது. மாமா கையில் என் சுத்தியல்.

“கேட்டீங்களா சார்? உள்ள காலி! எரிமலைன்னா சும்மாவா? எங்க மச்சான முழுங்கினது இதாங்க!”

ஆளாளுக்குச் சுத்தியலை வாங்கித் தட்டினார்கள். என்னைப் பார்த்ததும் மாமா சிரித்தார். “வாம்மா பாயிஸா, சாப்டுட்டுப் போ.”

“சுத்தியலக் குடுங்க.”

“கூட்டம் போவட்டும். இதுக்குன்னே வந்துகினு இருக்காங்க.”

வாளித் தண்ணீரைக் கங்கின்மேல் கவிழ்த்தார். பாறையிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. “பொகையுது, பொகையுது!” என்று கத்திக்கொண்டே எல்லோரும் போனைத் தூக்கினார்கள்.